முன் சஸ்பென்ஷன் வேலை: புதுப் பாகம் போட்டும் சத்தம் திரும்பி வருவது ஏன்?

ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய ஹேட்ச்பேக் காரில் முன்பக்கம் 'டொக் டொக்' என்றாலே ஷாக் அப்சார்பரை மாற்றிவிடுகிறார்கள். பல வண்டிகளில் சத்தம் வருவது, ஸ்டெபிலைசர் பாரை (வளைவில் வண்டி சாயாமல் தாங்கும் கம்பி) சஸ்பென்ஷனோடு இணைக்கும் லிங்க் ராடிலிருந்துதான். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி ஏற்றிச் சோதித்தால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கி அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், ஆட்டம் தெரியாது. இரண்டு முன்சக்கரமும் ஒரே உயரத்தில் இருக்கும்போது ஆட்டிப் பாருங்கள்.

அதிகம் நடக்கும் தவறு, சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மில். சக்கரம் தொங்கும்போதே ஆர்மின் புஷ் (ரப்பர் வைத்த மூட்டு) போல்ட்டை முழுக்க இறுக்கிவிடுகிறார்கள். புஷ்ஷின் ரப்பர், நடுவில் உள்ள இரும்புக் குழாயோடு ஒட்டி வார்க்கப்பட்டது. அது சுழலாது, முறுக்கிக் கொடுக்கத்தான் தெரியும். தொங்கிய நிலையில் இறுக்கினால், வண்டியை இறக்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் இன்னும் முறுக்கி, சீக்கிரமே கிழியும். பழி பாகத்தின் மேல் விழும், ஆனால் தவறு இறுக்கிய விதத்தில்.

கழற்றும் முன், வண்டி தரையில் நிற்கும்போது சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து வையுங்கள். போல்ட்டைக் கையால் பூட்டி, பால் ஜாயிண்ட் (ஆர்ம் சக்கரத்தின் பக்கம் சேரும் உருண்டை மூட்டு) பக்கம் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து அதே அளவுக்குத் தூக்கிய பிறகு, சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையைக் காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். வண்டி ஸ்டாண்டிலிருந்து நழுவாமல் கவனம்.

ஸ்ட்ரட்டின் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த பாகம்) மேல் மைய நட்டை, ஸ்பிரிங் கம்ப்ரசர் போட்டு ஸ்பிரிங்கை அமுக்காமல் தளர்த்தவே கூடாது. துள்ளும் ஸ்பிரிங் உயிரையே பறிக்கும். நட்டோடு ஸ்ட்ரட்டின் நடுத் தண்டும் சேர்ந்து சுற்றினால் தண்டின் நுனியில் பிடியுங்கள். பளபளக்கும் தண்டைப் பிளையரால் பிடித்தால் அந்தக் கீறல் சீலை அறுத்து ஆயில் ஒழுகும். ஸ்ட்ரட்டை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஸ்ட்ரட்டின் உச்சியில் இருக்கும் பழைய மவுண்டையும் பேரிங்கையும் திரும்பப் போடுவது வீண் சிக்கனம்: ஸ்டியரிங் திருப்பும்போது ஸ்பிரிங் 'டங்' என்று துள்ளும், அதற்காக மொத்தத்தையும் மறுபடி இறக்க வேண்டியிருக்கும்.

பிரேக் காலிப்பரை (பிரேக் பேடுகளைப் பிடித்திருக்கும் பாகம்) ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். கழற்றிய நைலான் லாக் நட்டுகளுக்குப் பதில் புதியவை போடுங்கள். பால் ஜாயிண்டில் காட்டர் பின் (நட்டு கழலாமல் குறுக்கே செருகும் பின்) துளை நேராக வராவிட்டால் நட்டைத் தளர்த்தாதீர்கள், நட்டின் அடுத்த வெட்டு துளைக்கு நேராக வரும் வரை இறுக்குங்கள்.

வேலை முடிந்த கையோடு வீல் அலைன்மெண்ட். டோ (முன்சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) சற்று விலகியிருந்தாலும் புது டயரின் ஓரம் தேய்ந்துபோகும்.