முதல் கலை வரலாற்றுக் கட்டுரை: ஒரே ஓவியத்தில் தொடங்குங்கள்

ஆய்விதழுக்கு முதல் கட்டுரை எழுத வருபவர்கள் பலர் 'மறுமலர்ச்சி ஓவியத்தில் பெண்கள்' போலக் கடலளவு தலைப்போடு வருகிறார்கள். அதை ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஓவியத்தை எடுங்கள். நாம் இங்கே லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள ஆர்னோல்ஃபினி தம்பதி ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். ஃபிளெமிஷ் ஓவியர் யான் வான் எய்க் 1434-இல் வரைந்தது.

படி 1: பாருங்கள்

எந்தப் புத்தகத்தையும் திறக்காமல் ஒரு மணி நேரம் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணில் படுவதை மட்டும் எழுதுங்கள். பட்டப்பகலில் சரவிளக்கில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி எரிகிறது. தரையில் கழற்றிப் போட்ட மரக் காலணிகள். தம்பதியின் காலடியில் ஒரு குட்டி நாய். பின்சுவரில் குவி ஆடி. அதன் சட்டத்தைச் சுற்றி இயேசுவின் பாடுகள் (சிலுவைத் துன்பக் காட்சிகள்) 10 சிறு வட்டங்களில். ஆடிக்குள் தம்பதியின் முதுகும், வாசலருகே இன்னும் இருவரும் தெரிகிறார்கள். மேலே லத்தீனில் 'யான் வான் எய்க் இங்கே இருந்தார், 1434' என்ற எழுத்து.

'படத்திலுள்ள பெண் கர்ப்பிணி' என்று எழுதிவிடாதீர்கள். 'கனத்த பச்சை உடையைச் சேர்த்து வயிற்றோடு பிடித்திருக்கிறாள்' என்பதுதான் நீங்கள் பார்த்தது. 1437-இல் இதே ஓவியர் வரைந்த ட்ரெஸ்டன் முப்பலகையில் (மூன்று பலகைகள் இணைந்த ஓவியம்) கன்னியான புனித கேத்தரினுக்கும் இப்படித்தான் வயிறு மேடிட்டிருக்கும்!

படி 2: காலவரிசையில் படியுங்கள்

1934-இல் கலை வரலாற்றாளர் எர்வின் பனோஃப்ஸ்கி பர்லிங்டன் மேகசின் என்ற கலை ஆய்விதழில் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்குங்கள். இது திருமணத்துக்குச் சாட்சிப் பத்திரம் போன்ற ஓவியம், நாயும் மெழுகுவர்த்தியும் குறியீடுகள் என்றார் அவர். அந்த வாசிப்பின் அழகில் நானும் பல நாள் மயங்கிக் கிடந்தேன். படத்தில் இருப்பவர் ஜியோவான்னி தி அர்ரிகோ ஆர்னோல்ஃபினி என்ற வணிகர் என்றே வெகுகாலம் நம்பினார்கள். பிறகு, 1990-களில், அவருடைய திருமணம் 1447-இல் நடந்ததைக் காட்டும் ஆவணம் வெளிச்சத்துக்கு வந்தது. வான் எய்க் இறந்ததோ 1441-இல். ஆக, இது அந்தத் திருமணத்தின் சாட்சியாக இருக்க முடியாது. அகச்சிவப்புப் படங்களும் ஒன்றைக் காட்டின: வண்ணத்துக்கு அடியிலுள்ள கோட்டு வரைவில் நாய் இல்லை, காலணிகளும் இல்லை. வண்ணம் தீட்டும்போதுதான் அவை சேர்ந்தன.

படி 3: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

'பிற்பாடு சேர்த்த பொருள்களை முதலிலேயே திட்டமிட்ட குறியீடுகளாகக் கொள்ள முடியுமா?' இது ஆதாரத்தோடு மோதிப் பார்க்கக்கூடிய கேள்வி. ஒவ்வொரு வாதத்துக்கும் கீழே அடிக்குறிப்பு வர வேண்டும். மேற்கோளை மூலத்தைத் திறந்து சரிபாருங்கள். இன்னொருவர் அடிக்குறிப்பிலிருந்து எடுத்துப் போடுவது கூடாது.

படி 4: பட அனுமதி

ஓவியத்துக்குப் பதிப்புரிமை முடிந்திருக்கும். ஆனால் அருங்காட்சியகம் எடுத்த புகைப்படத்துக்குத் தனியாக அனுமதியும் கட்டணமும் கேட்கலாம். லாஸ் ஏஞ்சலஸின் கெட்டி அருங்காட்சியகம் 2013-இலும், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-இலும் ஏராளமான படங்களை இலவசமாகத் திறந்துவிட்டன. முதல் கட்டுரைக்கு அங்குள்ள ஓவியம் ஒன்றைத் தேர்ந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

படி 5: அனுப்புங்கள்

ஒரு நேரத்தில் ஓர் ஆய்விதழுக்கு மட்டும். இடைக்காலக் கலை என்றால் கெஸ்டா ஆய்விதழ், ஒரு பொருளை ஆதாரத்தோடு நெருங்கி ஆராய்வது என்றால் பர்லிங்டன். பெயர் மறைத்த மதிப்பாய்வு என்றால் கோப்பில் உங்கள் பெயரையும் 'முன்பு நான் எழுதியபடி' போன்ற வரிகளையும் நீக்குங்கள். மதிப்பாய்வாளர் குறிப்புகள் வந்ததும் ஒவ்வொன்றுக்கும் எந்தப் பக்கத்தில் என்ன மாற்றினீர்கள் என்று ஆசிரியருக்கு எழுதுங்கள். ஏற்க முடியாத இடத்தில் ஆதாரத்தைக் காட்டி, மரியாதையாக மறுக்கலாம்.