எடிட் செய்த வீட்டு வீடியோவை டிவிடி பிளேயரில் ஓட வைப்பது எப்படி?

போனில் எடுத்த காதுகுத்து வீடியோவை எடிட் செய்து எம்பி4 ஆகச் சேமித்து, அதை அப்படியே டிஸ்கில் ரைட் செய்தால் பெரும்பாலான டிவிடி பிளேயர்கள் திறக்காது. ஃபைலில் கோளாறு எதுவும் இல்லை. டிவிடி வீடியோவுக்கான தரம் 1990-களில் வகுக்கப்பட்டது. அதில் படத்தைச் சுருக்கிப் பதிய எம்பெக்-2 எனும் முறைதான் பொது வழக்கு. எம்பி4-க்குள் பொதுவாக இருக்கும் ஹெச்.264 எனும் சுருக்க முறை வந்ததே 2003-இல்தான்.

அதனால் எம்பெக்-2-வுக்கு மாற்றியே ஆகவேண்டும். அந்த மாற்றம் ஒரே ஒருமுறை, கடைசியில் நடக்கவேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் படம் கொஞ்சம் தேயும். இதற்கு ஷாட்கட் (எடிட் செய்ய), டிவிடிஸ்டைலர் (டிவிடியாக அமைக்க), இம்க்பர்ன் (டிஸ்கில் எழுத) என மூன்று இலவச மென்பொருள்கள் போதும்.

படி 1: ஃபிரேம் ரேட்டை முதலில் முடிவு செய்யுங்கள்

ஃபிரேம் ரேட் என்பது நொடிக்கு எத்தனை படம் (ஃபிரேம்) என்ற கணக்கு. இந்திய டிவி முறை பால் (PAL): 720x576, நொடிக்கு 25 ஃபிரேம். போன்கள் பொதுவாக எடுப்பது 30. முப்பதை 25 ஆக்கினால் நொடிக்கு ஐந்து ஃபிரேம் கழியும். கேமராவை மெல்லத் திருப்பிய இடமெல்லாம் வெட்டி வெட்டி ஓடும். போன் வீடியோ என்றால் அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சி-யில் (720x480, 29.97 ஃபிரேம்) செய்வதே நல்லது. இங்கே விற்கும் பிளேயர்களில் பெரும்பாலானவை இரண்டையும் ஓட்டும். 25 ஃபிரேமில் எடுத்த கேம்கார்டர் வீடியோவுக்கு மட்டும் பால் வையுங்கள்.

இன்னொரு சிக்கல்: போன் ஃபிரேம் ரேட் சீராக இருக்காது. போகப் போக உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என விலகும். ஃபைலைச் சேர்க்கும்போது எடிட்டிங்குக்கு ஏற்றதாக மாற்றவா என்று ஷாட்கட் கேட்கும். சரி என்று சொல்லிவிடுங்கள்.

படி 2: எழுத்துகளைப் பெரிதாக்குங்கள்

டிவிடி தெளிவு குறைந்தது. கம்ப்யூட்டரில் அழகாகத் தெரியும் மெல்லிய எழுத்து டிவியில் கரையும். முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. ‘செல்வம்’ என்று போட்ட பெயர் ‘செலவம’ என்று தெரியும். தடித்த ஃபான்ட் வையுங்கள். பழைய டிவிகள் ஓரத்தை வெட்டிவிடும் என்பதால் நாலு பக்கமும் பத்து சதவீதம் இடம் விடுங்கள்.

படி 3: மாஸ்டர் ஃபைல்

எடிட் முடிந்த வீடியோவைத் தரம் குறையாமல் சேமித்து வைக்கும் ஃபைல்தான் மாஸ்டர். ஷாட்கட்டில் எக்ஸ்போர்ட் போய் டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் ஹெச்க்யூ தேர்ந்தெடுங்கள். பல பத்து ஜிபி வரும். ஹார்ட் டிஸ்கில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். இடம் இல்லையென்றால் ஹெச்.264-ஐ உயர்ந்த தரத்தில் வைத்து, ஹார்ட்வேர் என்கோடர் டிக்கை எடுத்துவிடுங்கள். ஹார்ட்வேர் என்கோடர் வேகம் தரும். ஆனால் அதே அளவு ஃபைலில் தரம் பொதுவாகக் குறையும்.

படி 4: பிட்ரேட் கணக்கு

பிட்ரேட் என்பது ஒரு நொடி வீடியோவுக்கு ஒதுக்கும் தகவலின் அளவு. 4.7 ஜிபி டிஸ்கில் மெனுவுக்கும் மற்றதற்கும் ஒதுக்கியது போக சுமார் 3.6 கோடி கிலோபிட் இருக்கும். அதை வீடியோவின் மொத்த நொடிகளால் வகுத்து, ஆடியோவுக்கு 192 கழியுங்கள். ஒன்றரை மணி நேரம் 5400 நொடி. வகுத்தால் 6666, கழித்தால் கிட்டத்தட்ட 6470 கேபிபிஎஸ் (நொடிக்கு கிலோபிட்). இரண்டு மணி நேரமென்றால் 4800. ஒரு மணி நேரத்துக்கு 9800 வருகிறதே என்று அதையே வைக்காதீர்கள். அது விதியின் உச்ச வரம்பு. ரைட் செய்த டிஸ்க்கைப் படிக்கையில் பல பிளேயர்கள் அங்கே திணறும். 8000-க்கு மேல் போகவேண்டாம். 4000-க்குக் கீழே இறங்கினால் ஆடும் கூட்டமும் பூமாரியும் கட்டம் கட்டமாக உடையும். அப்போது இரண்டு டிஸ்க்காகப் பிரித்துவிடலாம்.

படி 5: டிவிடிஸ்டைலர்

புதிய புராஜெக்டில் 4.7 ஜிபி, என்டிஎஸ்சி (25 ஃபிரேம் வீடியோ என்றால் பால்), 16:9, ஆடியோ ஏசி3 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்து மாஸ்டரைச் சேருங்கள். 16:9 தவறி 4:3 ஆகிவிட்டால் எல்லோரும் ஒல்லியாக, நெட்டையாகத் தெரிவார்கள். எம்பெக்-2 மாற்றத்தை இதற்குள் இருக்கும் எஃப்எஃப்எம்பெக் செய்யும். வீட்டு வீடியோவுக்கு அது தாராளம். எடிட்டரிலேயே எம்பெக்-2 எடுத்திருந்தால், இங்கே மறுபடி மாற்றாமல் ‘காப்பி’ வைக்கவேண்டும்.

சில கேம்கார்டர்கள் ஒவ்வொரு ஃபிரேமையும் ஒன்றுவிட்ட வரிகளாக இரண்டு ஃபீல்டாகப் பிரித்துப் பதியும். பழைய டி.வி. (DV) கேம்கார்டர் டேப்பிலிருந்து எடுத்த வீடியோவில் கீழ் ஃபீல்டு முதலில் வரும். ஹெச்டி கேம்கார்டரில் மேல் ஃபீல்டு. மாற்றி வைத்தால் அசைகிற எல்லாமே முன்னும் பின்னும் நடுங்கும்.

படி 6: பார்த்துவிட்டு ரைட் செய்யுங்கள்

நேரே டிஸ்கில் எழுதாமல் ஐஎஸ்ஓ ஃபைலாக (முழு டிஸ்க்கின் நகல்) எடுத்து, கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயரில் ஓட்டுங்கள். மெனு வேலை செய்கிறதா, கடைசிப் பத்து நிமிடத்தில் பேச்சு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிறகு இம்க்பர்னில் நல்ல டிவிடி-ஆர் டிஸ்க், 8 மடங்கு வேகம், ‘வெரிஃபை’ டிக். பழைய பிளேயர்களில், அழித்து எழுதக்கூடிய டிவிடி-ஆர்டபிள்யூ சில நேரம் ஏறாது. சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேலே பேப்பர் லேபிள் ஒட்டாதீர்கள். எடை ஒரு பக்கம் சாய்ந்து டிஸ்க் அதிரும், படம் நின்று நின்று வரும். டிஸ்குக்கென்றே விற்கும் மார்க்கரால் பெயரும் தேதியும் எழுதினால் போதும்.