ஐபாடைச் சின்ன ஸ்பீக்கர் டாக்கில் பொருத்துவது

டாக் என்பது ஐபாடைச் செருகிப் பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர். முதலில் அதில் ஐபாட் செருகும் முனையைப் பாருங்கள். பழைய டாக்குகளில் அகலமான 30 பின் இணைப்பு இருக்கும்; 2012 இறுதி முதல் வந்த ஐபாட் டச், நானோ இரண்டிலும் லைட்னிங் என்ற சிறிய இணைப்பு. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது, அழுத்தினால் பின் வளையும். ஐபாடின் உறையைக் கழற்றிவிட்டு, மாடலுக்கேற்ற பிளாஸ்டிக் தாங்கியைப் போட்டு, நேராக இறக்குங்கள். எடுக்கும்போதும் நேர் மேலேதான். முன்பக்கம் சாய்த்து இழுத்தால் டாக் பழுதாகலாம்.

30 பின் டாக்கில் உட்கார்ந்ததும் ஐபாடின் வால்யூம் வேலை செய்யாவிட்டால் பயப்பட வேண்டாம். அந்த இணைப்பு வழியே வருவது லைன் அவுட் என்ற ஒலி வெளியீடு, அதன் அளவு மாறாது. டாக்கின் பொத்தானால் கூட்டிக் குறையுங்கள். ஐபாடின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து டாக்கின் ஆக்ஸ் (வெளி ஒலியை வாங்கும்) துளைக்கு 3.5 மிமீ வயர் போட்டால் கதை வேறு. ஐபாடில் முக்கால் பங்குக்குச் சற்று மேல் வைத்து, மீதியை டாக்கில் சரிசெய்யுங்கள். ஐபாடில் ரொம்பக் குறைத்து டாக்கில் ஏற்றினால் இரைச்சல்தான் பெரிதாகும்.

பாட்டு வருகிறது, சார்ஜ் ஏறவில்லையா? மிகப் பழைய டாக்குகள் ஃபயர்வயர் (பழைய கேபிள் இணைப்பு முறை) பின்னில் 12 வோல்ட் தருபவை. 2008 வாக்கில் வந்த நானோ, டச் மாடல்கள் முதல் யுஎஸ்பியின் 5 வோல்ட்டை மட்டுமே ஏற்கும். டாக்கில் கோளாறு இல்லை.

ஆக்ஸில் ஹம் சத்தம் வந்தால், ஐபாடின் தனி சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். கிரவுண்ட் லூப் (இரண்டு கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகி வரும் இரைச்சல்) என்றால் உடனே நிற்கும். பேஸ் (தாழ்ந்த ஒலி) போதவில்லையென்றால் டாக்கைச் சுவரருகே தள்ளுங்கள். டாக்கை நெடுநாள் பயன்படுத்தாவிட்டால் அதில் போட்ட பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் தகடு அரித்துவிடும்.