பழைய குவாலிஸை வீட்டிலேயே பார்த்துக்கொள்வது: முதல் காசு கூலிங்குக்கு

எங்கள் வீட்டில் 2003 மாடல் குவாலிஸ் இருக்கிறது. டொயோட்டா கிர்லோஸ்கர் நிறுவனம் இந்தியாவில் விற்ற முதல் வண்டி இதுதான், 2000ல் வந்தது, 2005ல் இன்னோவா வந்ததும் நிறுத்திவிட்டார்கள். 2446 சிசி, 2எல் என்ற பெயருள்ள டீசல் எஞ்சின், டர்போ கிடையாது, பம்ப் முழுக்க மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் எதுவும் தலையிடாது. அதனால்தான் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாரும் இதை வீட்டு வாசலில் வைத்தே பார்த்துக்கொள்ள முடிகிறது.

ஆனால் பழைய டீசல் வண்டி வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் அலாய் வீல், சீட் கவர், மியூசிக் சிஸ்டம் என்றுதான் போகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கொல்லிமலைக்குக் குடும்பத்தோடு போனபோது, அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூடத் தாண்டாத நிலையில் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கிழிந்து தண்ணீர் முழுக்கப் போய்விட்டது. மீட்டரில் முள் நடுவில்தான் நின்றது. சென்சார் நனைந்திருந்தால்தான் சூட்டைச் சரியாகக் காட்டும், தண்ணீரே இல்லாவிட்டால் அந்த முள்ளை நம்ப முடியாது என்பது எனக்கு அப்போது தெரியாது. எஞ்சினின் ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) விரிசல் விட்டது. அதற்கு ஆன செலவில் முழு கூலிங் சிஸ்டத்தையும் (ஏசி அல்ல, எஞ்சினைக் குளிரவைக்கும் அமைப்பு) பலமுறை மாற்றியிருக்கலாம். இந்த 2எல் குடும்பத்து எஞ்சின்களுக்கு ஹெட்தான் பலவீனம், ஒருமுறை நன்றாகச் சூடானாலே விரிசல் விடும். அதனால் நான் சொல்லும் வரிசை இதுதான்: முதலில் கூலிங், அடுத்து டைமிங் பெல்ட், அப்புறம் டீசல் ஃபில்டர், பிரேக். மற்றதெல்லாம் பிறகு.

கூலிங்கை இப்படிப் பாருங்கள். காலையில் எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறங்கள் (சூடாக இருக்கும்போது எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும்). தண்ணீர் துருநிறத்திலோ வெள்ளைப் படிவத்தோடோ இருந்தால் யாரோ போர் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். எங்கள் நாமக்கல் பக்கத்துப் போர் தண்ணீரைப் பாத்திரத்தில் காய்ச்சினாலே அடியில் உப்பு படியும், ரேடியேட்டர் டியூப்பிலும் அதேதான் நடக்கிறது. மூடி திறந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து சில நிமிடம் கவனியுங்கள். குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தாலோ, மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் சூடாவதற்கு முன்பே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினாலோ ஹெட் கேஸ்கெட் அல்லது ஹெட் போயிருக்க வாய்ப்பு அதிகம், அதை முடிவு செய்யாமல் வேறு எதற்கும் பணம் போடாதீர்கள்.

குமிழி இல்லையென்றால் கீழ்க்குழாயைத் திறந்து முழுக்க வடித்து, நல்ல தண்ணீர் ஊற்றி, ஹீட்டர் இருந்தால் அதையும் சூட்டில் வைத்து பத்து நிமிடம் ஓடவிட்டு, ஆறியதும் மறுபடி வடியுங்கள். தெளிவாக வரும்வரை இதையே செய்யவேண்டும், எங்களுடையதற்கு நான்கு முறை ஆனது. பிறகு கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. கலந்தே விற்கும் கூலன்ட் என்றால் தண்ணீர் சேர்க்கவேண்டாம், கேனில் எழுதியிருக்கும், படித்துவிட்டு ஊற்றுங்கள். மேல் கீழ் ஹோஸ், அதன் கிளிப், ரேடியேட்டர் மூடி எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடுங்கள். மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்த அளவு பழைய மூடியோடு ஒத்துப்போகவேண்டும்.

தெர்மோஸ்டாட் வால்வைப் (எஞ்சின் சூடானபின்தான் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுவது) பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். "நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு, கழட்டிப் போட்டுடுங்க" என்று சொல்லும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் வண்டியிலும் முன்பு ஓர் இடத்தில் கழட்டியிருந்தார்கள், ஹெட்டைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. வால்வு இல்லாவிட்டால் எஞ்சின் வேலைச் சூட்டுக்கு வரவே நேரமாகும், டீசல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். அதைவிட மோசம், பல எஞ்சின்களில் அந்த வால்வுதான் சூடானபின் பைபாஸ் வழியை அடைக்கிறது. அது இல்லையென்றால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும், மலை ஏறும்போது சூடு குறைவதற்குப் பதில் ஏறும். புது வால்வு வாங்கி, பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டுக் காய்ச்சி, அதில் பொறித்திருக்கும் டிகிரியில் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

நான் செய்த அப்கிரேடுகளில் மிகவும் பயனுள்ளதும் இங்கேதான். வளையம் மாதிரியான சென்சாரை ஹெட்டில் ஏதாவது ஒரு சின்ன போல்ட்டுக்கு அடியில் மாட்டி, உள்ளே டேஷ்போர்டில் டிஜிட்டல் மீட்டரும் பஸ்ஸரும் வைக்கும் செட் கிடைக்கிறது (ஹெட்டை இறுக்கிப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தொடவே கூடாது). அது உலோகத்தின் சூட்டை அளக்கிறது, தண்ணீரை அல்ல, ஆகவே தண்ணீர் போய்விட்டாலும் கத்தும்.

அடுத்து டைமிங் பெல்ட். பிஸ்டனையும் வால்வுகளையும் ஒரே தாளத்தில் இயங்கவைப்பது இதுதான். 2எல் எஞ்சினில் அதற்குச் செயின் இல்லை, பெல்ட்தான், ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றவேண்டும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டியில் எப்போது மாற்றினார்கள் என்று பில் இல்லாவிட்டால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டோடு டென்ஷனர் பேரிங்கையும் மாற்றுங்கள், கிராங்க், கேம் ஆயில் சீல்களையும் அப்போதே பாருங்கள், ஏனென்றால் பெல்ட்டில் ஆயில் பட்டால் அதன் ஆயுள் முடிந்தது. முதல்முறை செய்பவர்கள் அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள், அதற்குக் கொடுக்கும் கூலி வீணில்லை. மாட்டி முடித்ததும் ஸ்டார்ட்டரைத் தொடாமல், கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையாலேயே ஓடும் திசையில் இரண்டு முழுச் சுற்று சுற்றி, கேம், பம்ப், கிராங்க் மூன்று குறிகளும் மறுபடி நேருக்கு நேர் வருகின்றனவா என்று பார்க்கவேண்டும். எங்காவது முட்டினால் பலம் கொடுக்காதீர்கள், ஒரு பல் தப்பியிருக்கும்.

டீசல் ஃபில்டர் எளிது. அடியில் உள்ள திருகைத் தளர்த்தி மாதம் ஒருமுறை தண்ணீர் வடியுங்கள், மழைக்காலத்தில் இன்னும் அடிக்கடி. ஃபில்டர் மாற்றியபின் ஏர் பிடித்து ஸ்டார்ட் ஆகாமல் நின்றால் பேட்டரியைத் தீர்க்கவேண்டாம், மேலே இருக்கும் கைப்பம்பை அது இறுகும்வரை அமுக்குங்கள். ஆயில் 15டபிள்யூ-40 டீசல் ஆயில், 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஃபில்டரோடு. மாற்றிய மறுநாளே கறுத்துவிடும், இந்த எஞ்சினில் அது இயல்புதான். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், கேனில் சேர்த்து வேஸ்ட் ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள்.

புகையைப் பார்த்தே பாதி தெரிந்துவிடும். கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம், ஏர் ஃபில்டரில் ஆரம்பித்து நாஸிலுக்கு (டீசலைத் தெளிக்கும் முனை) போங்கள். காலையில் மட்டும் வெள்ளையாக வந்து ஸ்டார்ட்டும் கஷ்டமென்றால் ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட்டுக்கு முன் எஞ்சினுக்குள் சூடேற்றுவது), மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாக அளந்தால் நல்லது ஒரு ஓம் அளவிலேயே காட்டும், செத்தது எதுவும் காட்டாது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. நாஸிலும் பம்பும் டெஸ்ட் பெஞ்ச் உள்ள டீசல் பம்ப் கடைக்குத்தான், வீட்டில் பிரிக்கக்கூடாது.

பிரேக்கில் பலர் தவறவிடுவது ஆல்டர்நேட்டர். டீசலில் பெட்ரோல் வண்டி மாதிரி, பிரேக்கை லேசாக்கும் பூஸ்டருக்கு வேண்டிய வாக்குவம் (உறிஞ்சும் சக்தி) தானாகக் கிடைக்காது, இதில் ஆல்டர்நேட்டரின் பின்பக்கமே ஒரு வாக்குவம் பம்ப் இருக்கிறது, அதற்கு எஞ்சின் ஆயில் போகிறது. அங்கே சீல் போனால் ஆயில் உள்ளே இறங்கி சார்ஜும் போகும், பிரேக்கும் கட்டையாகும். எஞ்சினை நிறுத்திவிட்டு பெடலை ஐந்தாறு முறை மிதித்து, அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள், பெடல் கொஞ்சம் கீழே இறங்கவேண்டும். இறங்காவிட்டால் முதலில் ஹோஸ், பிறகு பம்ப், பிறகு பூஸ்டர் என்று தேடுங்கள்.

அடியில் போகும்போது வெறும் ஜாக்கியை நம்பாதீர்கள். சமதளம், சக்கரத்துக்குக் கட்டை, சேஸிஸுக்கு இரண்டு ஸ்டாண்ட், கூடுதலாக ஸ்டெப்னியையும் பக்கத்தில் உள்ளே தள்ளி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டின் கிராஸ் ஜாயின்டுக்கு கிரீஸ் அடித்து, பின்பக்கப் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) புஷ்களைக் கம்பியால் நெம்பிப் பாருங்கள்.

லைட்டுக்கு எல்இடி வாங்குவதற்கு முன் ரிலே (ஸ்விட்ச்சின் சின்ன கரன்ட்டில் பெரிய கரன்ட்டைத் திறந்துவிடும் பாகம்) போடுங்கள். இருபது வருட ஒயரும் ஸ்விட்ச்சும் வோல்ட்டைத் தின்றுவிடுகின்றன. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்து நல்ல ஒயர் இழுத்து, லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று என ரிலே வைத்தால் அதே 60/55 வாட் பல்பு புதிதாக எரியும். பழைய டொயோட்டாக்கள் பலவற்றில் ஸ்விட்ச் நெகட்டிவ் பக்கம் இருக்கும், அதனால் வெட்டுவதற்கு முன் டெஸ்ட் லைட்டால் பாருங்கள். வண்டியின் அமைப்பையே மாற்றுகிற வேலைகளில் இறங்காதீர்கள், கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, 15 வருடம் தாண்டிய வண்டியை ஆர்.சி. புதுப்பிக்கக் கொண்டுபோகும்போது அதுவே சிக்கலாகும்.

பாகங்களுக்கு, புதிதாக வேண்டுமென்றால் சென்னையில் ஜி.பி. ரோடு, பழையது புதுப்பேட்டை. கதவு, கைப்பிடி, கண்ணாடி, பம்பர் எல்லாம் பழையதில் தாராளமாக எடுக்கலாம். பெல்ட், பேரிங், ஹோஸ், பிரேக் சம்பந்தப்பட்ட எதையும் பழையதில் எடுக்காதீர்கள். பெல்ட் மாட்டிய தேதியையும் கிலோமீட்டரையும் பானெட்டின் உள்பக்கத்தில் பெயின்ட் மார்க்கரால் எழுதிவிடுங்கள், அடுத்து திறப்பவர் யாராக இருந்தாலும் அவருக்கு முதலில் தெரியவேண்டியது அதுதான்.