ஸ்டாக்ஹோம் பயணம்: முதல் தவறு தேதியிலேயே நடக்கிறது

ஸ்டாக்ஹோம் போக ஜூன் கடைசி வாரத்தைப் பலரும் தேர்ந்தெடுக்கிறார்கள். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும் என்பது காரணம். நல்ல காரணம்தான். ஆனால் ஜூன் 19க்கும் 25க்கும் இடையில் வரும் வெள்ளிக்கிழமை எது என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். அன்றைக்கு மிட்சொமர் என்ற கோடை விழா. நகரத்து மக்கள் கிராமத்து வீடுகளுக்கும் தீவுகளுக்கும் கிளம்பிவிடுவார்கள். கடைகளும் உணவகங்களும் பல பூட்டிக் கிடக்கும். மூன்று நாள் பயணத்தில் அந்த வெள்ளியும் சனியும் விழுந்தால் தெருக்களைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும்.

டிசம்பர் என்றால் கணக்கு வேறு. காலை எட்டே முக்காலுக்குத்தான் விடியும். மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஆற அமர பதினொரு மணிக்குக் கிளம்பினால் பகலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருக்கும். வெளியே சுற்றுவதை முதலில் முடித்து, மியூசியங்களை இருட்டிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

விமான டிக்கெட் மலிவாகக் கிடைத்தால், இறங்குவது எந்த விமான நிலையம் என்று பாருங்கள். ஆர்லாண்டா விமான நிலையம் நகரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். 'ஸ்டாக்ஹோம் ஸ்காவ்ஸ்டா' என்று போட்டிருப்பதோ சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, நிஷோப்பிங் என்ற வேறு ஊருக்குப் பக்கத்தில். மிச்சம் பிடித்த பணம் பஸ்ஸிலும், அரை நாள் அலைச்சலிலும் கரைந்துவிடும்.

டாக்ஸி விஷயத்தில் மிகவும் கவனம் தேவை. சுவீடனில் டாக்ஸிக் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு வைக்கவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் விலையைத் தானே வைக்கும். அதனால் கதவுப் பக்கத்துக் கண்ணாடியில் மஞ்சள் நிற விலைப்பட்டி ஒட்டியிருக்கும். அதில் பெரிதாக இருக்கும் எண்தான் முக்கியம்: 10 கிலோமீட்டர், 15 நிமிடப் பயணத்துக்கான ஒப்பீட்டு விலை. வரிசையில் நிற்கும் இரண்டு வண்டிகளின் எண்களை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஏறுங்கள். முதலில் நிற்பதில்தான் ஏற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

யூரோ மாற்றிக்கொண்டு போகாதீர்கள். அங்கே குரோனா, அதையும் தாளாக நீட்டினால் பல கடைகளில் வாங்க மாட்டார்கள். வெளிநாட்டில் வேலை செய்யும் கார்டு ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும். அதே கார்டை மெட்ரோ வாசலில் தொட்டால் 75 நிமிடத்துக்கான டிக்கெட் ஆகிவிடும். ஸ்லூசனிலிருந்து யுர்கோர்டன் தீவுக்குப் போகும் படகுக்கும் அந்த டிக்கெட்டே போதும். இது தெரியாமல் சுற்றுலாப் படகுக்குப் பெரிய தொகை கொடுப்பவர்கள் நிறைய.

அந்தத் தீவில்தான் வாசா மியூசியம் இருக்கிறது. அதற்கு அரை மணி நேரம் மட்டும் ஒதுக்குவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. 1628இல் முதல் பயணத்திலேயே, ஒன்றரைக் கிலோமீட்டர்கூடப் போகாமல் மூழ்கிய வாசா என்ற போர்க்கப்பல்தான் அங்கே இருக்கிறது; 1961இல் மேலே எடுத்தார்கள். பால்டிக் கடலில் உப்புக் குறைவு; மரம் அரிக்கும் கப்பல்புழு அங்கே வாழாது. அதனால்தான் 333 ஆண்டுகள் கழித்தும் கப்பல் முழுதாக வந்தது. மங்கலான கூடத்தில் அதன் பின்புறத்தை அண்ணாந்து பார்த்தால், அடுக்கடுக்காகச் செதுக்கிய உருவங்கள் கண்ணுக்குப் பிடிபடவே சில நிமிடம் ஆகும். இரண்டு மணி நேரமாவது கொடுங்கள்.

சாப்பாட்டுச் செலவை இரவில் குறைத்து மதியத்துக்கு மாற்றுங்கள். வார நாட்களில் பதினொன்றிலிருந்து இரண்டு வரை 'டாகன்ஸ் லஞ்ச்', அதாவது அன்றைய மதியச் சாப்பாடு, கிடைக்கும். சாலட், ரொட்டி, காபி பெரும்பாலும் அந்த விலையிலேயே அடக்கம்.

கடைசியாக, நகரத்துக்குள்ளேயே எல்லா நாளையும் செலவழித்துவிடாதீர்கள். வெளியே சுமார் 30,000 தீவுகளும் பாறைத்திட்டுகளும் கிடக்கின்றன. ஒரு முழு நாளை அவற்றுக்கு வையுங்கள். தீவில் இறங்கியதும் திரும்பும் கடைசிப் படகின் நேரத்தைத் துறையில் பார்த்துக்கொள்ளுங்கள். சிறு துறைகளில் படகு தானாக நிற்காது. அங்கே கம்பத்தில் ஒரு தகடு இருக்கும். அதைப் படகின் பக்கம் தெரியும்படி திருப்பி வைத்தால்தான் மாலுமி கரைக்கு வருவார். சும்மா நின்றுகொண்டிருந்தால் படகு கடந்து போய்விடும்.