ஓய்வுபெறும் வேதிப் பொறியியல் பேராசிரியரின் பணி வரலாற்றை எழுதுவது எப்படி?

பேராசிரியர் ஒருவர் ஓய்வுபெறும்போது, பாராட்டு மலருக்கு நான்கு பக்கம் எழுதித் தரும்படி பழைய மாணவர் ஒருவரைக் கேட்பதுண்டு. கேட்கப்பட்டவர் பெரும்பாலும் துறை அலுவலகத்தில் இருக்கும் தன்விவரக் குறிப்பை வாங்கி, அதையே பத்தி பிரித்துக் கொடுத்துவிடுகிறார். அதில் பட்டங்களும் பதவிகளும் இருக்கும். எந்தச் சிக்கலோடு அவர் இத்தனை ஆண்டுகள் மல்லுக்கு நின்றார் என்பது மட்டும் இருக்காது. அதைத்தான் முதலில் தேடிப் பிடிக்க வேண்டும்.

அவரிடம் ஆய்வு செய்த முனைவர் பட்ட மாணவர்களின் ஆய்வேட்டுத் தலைப்புகளை ஆண்டு வரிசையில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு அவர் வீட்டுக்குச் செல்லுங்கள். ஒவ்வொரு தலைப்பையும் காட்டி, "இதுக்கு முதல் சாம்பிள் எங்கிருந்து வந்துச்சுங்க ஐயா?" என்று கேளுங்கள். விருதுகளைப் பற்றிக் கேட்டால் இரண்டு வரியில் முடித்துக்கொள்பவர்கூட, இந்தக் கேள்விக்கு ஒரு மணி நேரம் பேசுவார். திருப்பூர்ச் சாயப்பட்டறை, ஈரோட்டுத் தோல் தொழிற்சாலை, பெருந்துறை சிப்காட் என்று பேச்சு எங்காவது போய் நிற்கும்.

அவர் சொல்வதைப் புரிந்துகொள்ளாமல் எழுதக் கூடாது என்பதை நான் பட்டுத்தான் கற்றேன். என் ஆசிரியரைப் பற்றிய கட்டுரையில், "சாயக் கழிவுநீரின் நிறத்தை அகற்றும் வழி கண்டார்" என்று பெருமையாக எழுதியிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "தம்பி, கலர் எப்படியோ போயிருமுங்க. உப்பு எங்க போகும்?" என்றார். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏறுவதற்குச் சோடியம் குளோரைடையோ சோடியம் சல்பேட்டையோ நிறையச் சேர்க்கிறார்கள். சாயம் நூலில் பிடித்துக்கொள்ள, உப்பு நீரிலேயே தங்கிவிடுகிறது. ஆர்.ஓ. சவ்வின் வழியாக அழுத்தத்தில் செலுத்தினால் நல்ல நீர் பிரியும். ஆனால் சவ்வைத் தாண்டாமல் எஞ்சும் கழிவுநீரில் (ரிஜெக்ட்) உப்பு இன்னும் செறிவாகும், அதை ஆவியாக்கிதான் உப்பை மீட்க வேண்டும், அதற்கு எரிபொருள் வேண்டும். அவர் உழைத்ததெல்லாம் அந்த எரிபொருள் செலவைக் குறைக்கத்தான்; நிறம் அதில் சிறு பகுதி. கட்டுரையைத் திரும்ப எழுதினேன்.

ஆய்வின் காலத்தையும் ஊரின் காலத்தையும் பொருத்திப் பார்ப்பது அடுத்த வேலை. பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறியது; வழக்குகள் நீண்டு, 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் பேராசிரியரின் ஆய்வு அதற்கு முன்னரே தொடங்கியதா, பின்னர்தான் தொடங்கியதா என்பதைத் தெளிவாக எழுதுங்கள். இரண்டும் மதிப்புக்குரியவையே, ஆனால் ஒன்றல்ல.

தேதிகளில் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது பல்கலைக்கழகப் பெயர்: கோவை வட்டாரப் பொறியியல் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1982இல் தொடங்கிய பாரதியார் பல்கலைக்கழகத்துக்கும், 2001இல் அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் மாறின, 2007 முதல் 2012 வரை கோவைக்கென்றே தனி அண்ணா பல்கலைக்கழகம் இருந்தது. நினைவிலிருந்து எழுதாமல் சான்றிதழைப் பார்த்து எழுதுங்கள். மற்றொன்று பதவிப் பெயர்: 2010க்கு முன் விரிவுரையாளராகச் சேர்ந்தவருக்கு 'உதவிப் பேராசிரியர்' என்பது பதவி உயர்வு, அதன்பின் சேர்ந்தவருக்கு அதுவே முதல் படி. இதைக் கவனிக்காமல் எழுதினால், 1995இல் பெற்ற உயர்வு காணாமல் போய்விடும்.

கட்டுரைகளின் எண்ணிக்கையை ஒரு வரியில் சொன்னால் போதும். காப்புரிமையில் விண்ணப்பித்தது வேறு, வழங்கப்பட்டது வேறு.

ஆய்வக உதவியாளரை மறந்துவிடாதீர்கள். எந்தப் பம்பு எத்தனை முறை கெட்டது, பேராசிரியர் எந்தத் தீபாவளிக்கு முதல் நாள் இரவு வரை வடிகலன் அருகே நின்றார் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். அவர் சொல்வதைப் பேராசிரியரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்தபின் ஆய்வுப் பகுதியை மட்டும் அச்செடுத்து, ஒரு பென்சிலோடு பேராசிரியரிடம் கொடுங்கள். புகழ்ச்சிப் பகுதியைக் கொடுக்க வேண்டாம். கூச்சத்தில் பாதியை அடித்துவிடுவார்.