பதிப்பு எண் பழையதாக இருந்தால்: லினக்ஸ் பொதிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த சில மாதங்களில், லினக்ஸ் சர்வர்களைப் பராமரிக்கக் கற்றுக்கொண்டிருக்கும் மூன்று பேர், வெவ்வேறு நாட்களில், கிட்டத்தட்ட ஒரே கேள்வியுடன் என்னிடம் வந்தார்கள். டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலில் (டிஸ்ட்ரோவில்) எல்லாப் பொதிகளும், அதாவது நிறுவத் தயாராகத் தொகுத்த மென்பொருள்களும், இவ்வளவு பழையனவாக இருக்கின்றனவே, மூலநிரலை இறக்கிப் புதிய பதிப்பை நாமே நிறுவிவிடலாமா என்பது அந்தக் கேள்வி. அவர்களில் இருவர், கேட்பதற்கு முன்பே நிறுவியும் விட்டிருந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் செய்த காரியத்தை அவர்கள் படிக்குப் படி திரும்பச் செய்துகொண்டிருந்தார்கள். காப்பு நகல் எடுக்காமல் புதுப்பிப்பது, எங்கோ கண்ட கட்டளையைப் படிக்காமலேயே ஒட்டி இயக்குவது போன்ற, சொல்லாமலே தெரியும் பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன். பொதிகள் எவ்வளவு புதியவை என்பதைத் தவறாகக் கணிப்பதிலிருந்து பிறப்பவற்றை மட்டும் எழுதுகிறேன்.

எல்லா வழங்கல்களையும் ஒரே தராசில் நிறுத்துவது

ரெப்பாலஜி என்னும் இணையதளம், ஒரு மென்பொருள் எந்த வழங்கலில் எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று அட்டவணையிட்டு, மிகப் புதியதைப் பச்சையிலும் பின்தங்கியதைச் சிவப்பிலும் காட்டுகிறது. பயனுள்ள தளம்தான், நானும் அடிக்கடி பார்க்கிறேன். ஆனால் புதியவர்கள் அந்தச் சிவப்பைத் தோல்வி மதிப்பெண்ணாகப் படித்துவிடுகிறார்கள். ஆர்ச், ஓபன்சூசே டம்பிள்வீட் ஆகியவை தனி வெளியீடுகள் இன்றித் தொடர்ந்து உருளும் வழங்கல்கள். மூல உருவாக்குநர் வெளியிட்டதை இயன்றவரை விரைவில் கொண்டுவருவதே அவற்றின் வேலை. ஃபெடோரா ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வெளியாகி, ஒவ்வொரு வெளியீட்டையும் ஏறத்தாழ 13 மாதங்கள் ஆதரிக்கிறது. டெபியனின் நிலையான வெளியீடு சுமார் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது; அதற்கும் சில மாதங்கள் முன்பே, புதிய பதிப்புகளை உள்ளே விடாமல் வழுக்களை மட்டும் நீக்கும் உறைநிலைக் காலம் தொடங்கிவிடுகிறது. ஆகவே 2023 ஜூன் 10 அன்று டெபியன் 12 வெளியானபோது அதிலிருந்த கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) 6.1, முந்தைய டிசம்பரிலேயே வந்துவிட்ட ஒன்று. இது அலட்சியத்தால் நேர்ந்த தாமதம் அன்று. ஒருமுறை அமைத்தபின் ஐந்து ஆண்டுகள் நடத்தையை மாற்றாத சர்வர் வேண்டும் என்று கேட்பவர்களுக்காகத் திட்டமிட்டு ஏற்றுக்கொண்ட விலை.

ஒரே வழங்கலுக்குள்ளும் எல்லாப் பொதிகளும் ஒரே வயதில் இருப்பதில்லை. டெபியன் நிலையான வெளியீட்டில் ஃபயர்பாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு அவ்வப்போது முழுதாகவே அடுத்த பதிப்புக்கு மாறுகிறது, ஏனெனில் உலாவியின் திருத்தங்களைத் தனித்தனியாகப் பிரித்தெடுத்துப் பழையதில் சேர்ப்பது நடைமுறையில் இயலாத வேலை.

பதிப்பு எண்ணை வைத்துப் பாதுகாப்பை முடிவு செய்வது

என்னை இன்னமும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். என்னிடம் வந்த மூவரில் ஒருவர், பாதுகாப்புக் குறைகளைத் தேடும் ஸ்கேனர் ஒன்று தந்த அறிக்கையை நீட்டினார். டெபியன் 12 சர்வரில், தொலைவிலிருந்து நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச் 9.2 ஓடுகிறது, 2024 ஜூலையில் அறிவிக்கப்பட்ட கடுமையான குறை 9.8-இல்தான் நீக்கப்பட்டது, எனவே உடனே மாற்றவும் என்று அதில் சிவப்பெழுத்து. அந்த ஸ்கேனர் சர்வருக்குள் நுழைந்து பார்க்கவே இல்லை. வெளியிலிருந்து தட்டியபோது சர்வர் சொன்ன அறிமுக வரியில் 9.2 என்று கண்டது. தன் பட்டியலில் 9.8 என்று இருந்தது; சிறியதைக் குற்றவாளியாக்கிவிட்டது. அதே வரியின் கடைசியில் ‘டெப்12யூ3’ என்னும் வால் இருந்ததை அது பொருட்படுத்தவில்லை. டெபியன் 12-க்கென வந்த மூன்றாவது புதுப்பிப்பு இது என்று அந்த வால் சொல்கிறது. அந்தக் குறைக்கான திருத்தம் அந்தப் புதுப்பிப்பில்தான் சேர்க்கப்பட்டது.

டெபியன், உபுண்டு, ரெட் ஹேட் ஆகியவற்றின் பாதுகாப்புக் குழுக்கள் பொதுவாக வேலை செய்யும் முறை இது. மூல உருவாக்குநர் புதிய பதிப்பில் ஒரு குறையை நீக்கும்போது, அந்தத் திருத்தத்துக்குரிய வரிகளை மட்டும் பிரித்தெடுத்து, தங்கள் வெளியீட்டில் இருக்கும் பழைய பதிப்பின் மூலநிரலோடு பொருத்தி, சோதித்து, அதே எண்ணில் வாலை மட்டும் மாற்றி வெளியிடுகிறார்கள். புதிய பதிப்பை முழுதாகக் கொடுத்தால் அதனுடன் புதிய வசதிகள், மாறிய அமைப்புக் கோப்புகள், கைவிடப்பட்ட பழைய விருப்பங்கள் எல்லாம் சேர்ந்து வந்து, நள்ளிரவில் தானாக நடக்கும் புதுப்பிப்பில் ஓடிக்கொண்டிருந்த சேவை நின்றுவிடக்கூடும் என்பதே காரணம். வாலுக்கு முன்னுள்ள எண், எந்த வசதிகள் உள்ளன என்பதைச் சொல்கிறது. எந்தக் குறைகள் நீங்கின என்பதை அறிய வாலைப் பார்க்க வேண்டும்.

இதை அறியாத காலத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். டெபியன் 11-இல் இருந்தது ஓபன்எஸ்எஸ்எச் 8.4. அந்த எண் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்ததால், 2022-இல் ஒரு சர்வரில் 8.9-ஐ மூலநிரலிலிருந்து தொகுத்து நிறுவி, வழங்கலின் சேவையை முடக்கிவிட்டு, என்னுடையதை ஓடவிட்டேன். அன்று மாலை அறிமுக வரியில் புதிய எண்ணைப் பார்த்தபோது இருந்த பெருமிதம் இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அந்தக் கணத்திலிருந்து அந்த மென்பொருளுக்கான பாதுகாப்புக் குழுவில் நான் ஒருவன் மட்டுமே இருந்தேன் என்பது எனக்குத் தோன்றவில்லை. டெபியனின் பொதி நிறுவியான ஆப்ட், தான் நிறுவியதை மட்டுமே அறியும். நான் தொகுத்து வைத்தது அதன் கணக்கிலேயே இல்லை. இரண்டு ஆண்டுகள் ஒவ்வொரு வாரமும் புதுப்பிப்புகளை ஒழுங்காக இயக்கினேன், எல்லாம் சரியாக இருப்பதாக அதுவும் ஒவ்வொரு வாரமும் சொன்னது.

2024 ஜூலை 1 அன்று குவாலிஸ் நிறுவனம் மேற்சொன்ன குறையை அறிவித்தது. 2006-இல் கண்டுபிடித்து மூடப்பட்ட பழைய ஓட்டை ஒன்று, பின்னர் நிரலை மாற்றியமைத்தபோது தவறுதலாக மீண்டும் திறந்துகொண்டதால், 8.5 முதல் 9.7 வரையிலான பதிப்புகள் லினக்ஸில் பாதிக்கப்பட்டன. டெபியன் 11-இன் 8.4-இல் அந்தக் குறையே இல்லை. நான் எதையும் தொடாமல் இருந்திருந்தால், அந்த அறிவிப்பைப் படித்துவிட்டு உறங்கப் போயிருக்கலாம். மாறாக, மெனக்கெட்டு நிறுவிய 8.9 அந்த எல்லைக்குள் சரியாக விழுந்திருந்தது. அதுவும் எனக்கு உடனே தெரியவில்லை. சர்வர் பட்டியலில் டெபியன் 11 என்று பார்த்துவிட்டு ‘பாதிப்பில்லை’ என்று குறித்துக்கொண்டேன். இரண்டு வாரங்கள் கழித்து வேறொரு காரணத்துக்காக அதில் நுழைந்தபோதுதான் ஓடுவது எது என்று உறைத்தது. இடையில் யாராவது உள்ளே வந்தார்களா என்று உறுதியாகச் சொல்ல வழியில்லாததால், முழுச் சர்வரையும் புதிதாக நிறுவி, அதிலிருந்த எல்லாத் திறவுகோல்களையும் மாற்ற இரண்டு இரவுகள் போயின. எந்த விருப்பங்களுடன் தொகுத்தேன் என்பதைக்கூட நான் எழுதி வைத்திருக்கவில்லை.

2014-இல் ஹார்ட்பிளீட் என்னும் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டபோதும் இதுவே நடந்தது. இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலகத்தின் 1.0.1 வரிசையைத்தான் அது பாதித்தது. அதற்கு முந்தைய 0.9.8-இலேயே நின்றிருந்த டெபியன் 6 தப்பித்தது. இதைச் சொன்னவுடன், பழையதே எப்போதும் பாதுகாப்பானது என்று மறுபக்கம் சாய்ந்துவிடுபவர்களும் உண்டு. அதுவும் எண்ணை மட்டும் பார்த்துச் செய்யும் முடிவுதான்.

ஆகவே ஸ்கேனர் அறிக்கை வந்தால், அதிலிருக்கும் சிவிஇ எண்ணை (ஒவ்வொரு பாதுகாப்புக் குறைக்கும் தரப்படும் பொது அடையாள எண்) எடுத்துக்கொண்டு உங்கள் வழங்கலின் பாதுகாப்புப் பதிவேட்டில் தேடுங்கள். டெபியன், உபுண்டு, ரெட் ஹேட் மூன்றும் அத்தகைய பதிவேட்டைப் பொதுவில் வைத்திருக்கின்றன. எந்த வெளியீட்டில், எந்த வாலோடு திருத்தப்பட்டது, அல்லது இன்னும் திருத்தப்படவில்லை என்பது அதில் இருக்கும். சர்வரிலேயே பார்க்க வேண்டுமானால், ‘ஆப்ட் சேஞ்ச்லாக்’ கட்டளை பொதியின் மாற்றப் பதிவைக் காட்டும். சிறிய ஆபத்து என்று கருதிச் சில குறைகளுக்கான திருத்தத்தை அடுத்த தொகுப்பு வெளியீடு வரை ஒத்திப்போடுவதும் உண்டு. அவற்றில் ஏதேனும் உங்களைப் பாதிக்குமானால் அப்போது கவலைப்படுவது நியாயம்.

டெபியன் டெஸ்டிங்கை நடுவழி என்று நினைப்பது

நிலையானது மிகப் பழையது, சிட் எனப்படும் நிலையற்ற கிளை மிகப் புதியது, எனவே இடையில் இருக்கும் டெஸ்டிங் இரண்டின் நன்மையையும் தரும் என்ற கணக்கை நானும் போட்டிருக்கிறேன். பாதுகாப்பைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் இரண்டையும்விடப் பின்தங்கும். நிலையானதற்குப் பாதுகாப்புக் குழு நேரடியாகத் திருத்தம் அனுப்புகிறது. சிட்டுக்குப் பராமரிப்பாளர் ஏற்றிய உடனே வருகிறது. டெஸ்டிங்குக்கோ, சிட்டில் சில நாட்கள் பிழையின்றி இருந்து, சார்புகளும் தயாரான பிறகுதான் வந்து சேர்கிறது. உறைநிலைக் காலத்திலோ புதிய பதிப்புகளும் நின்றுவிடுகின்றன.

புதியதற்கு முந்துவதிலும் ஆபத்து உண்டு. 2024 மார்ச் 29 அன்று, எக்ஸ்இசட் என்னும் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் பின்கதவு வைத்திருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் வெளிப்படுத்தினார். சிட் ஓடிய தன் கணினியில் எஸ்எஸ்எச் நுழைவு அரை நொடி தாமதமானதைத் துருவிப் போனதில் அகப்பட்டது அது. அந்தப் பதிப்புகள் சிட், டெஸ்டிங், டம்பிள்வீட் ஆகியவற்றுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தன. டெபியன் 12-இல் 5.4 வரிசைதான் இருந்தது.

ஒரே ஒரு பொதிக்காக வேறு களஞ்சியத்தைச் சேர்ப்பது

நிலையான டெபியனில் சிட்டின் களஞ்சியத்தை (பொதிகள் இறங்கி வரும் இடத்தை) சேர்த்து ஒரு பொதியை மட்டும் எடுக்கலாம் என்று தோன்றும். அந்தப் பொதி, ஏறத்தாழ எல்லா நிரல்களும் சார்ந்திருக்கும் சி நிரலகத்தின் புதிய பதிப்பைக் கேட்கும், சி நிரலகம் மற்றவற்றை இழுக்கும், சில மாதங்களில் உங்களிடம் இருப்பது இரண்டு வெளியீடுகளில் எதுவும் அல்லாத, யாரும் சோதித்திராத ஒரு கலவையாகிவிடும். சேர்ப்பது எளிது, இறங்கி வர வழியில்லை.

ஆர்ச்சில் பட்டியலைப் புதுப்பித்துவிட்டு ஒரு பொதியை மட்டும் நிறுவுவது

பகுதிப் புதுப்பிப்பை ஆர்ச் ஆதரிப்பதில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் புதுப்பியுங்கள், அல்லது எதையும் தொடாதீர்கள்.

வழங்கலின் பைத்தானை மாற்றுவது

வேண்டாம், மெய்நிகர்ச் சூழல் (உங்கள் திட்டத்துக்கு மட்டுமான தனிப் பைத்தான் அமைப்பு) அமைத்துக்கொள்ளுங்கள்.

தேவைப்படும்போதும் புதியதை மறுப்பது

மேலே சொன்னதை அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டவர்கள் செய்யும் தவறு இது. அண்மையில் வந்த கிராபிக்ஸ் அட்டையை வாங்கி, இரண்டு ஆண்டுப் பழைய கெர்னலுடனும் மீசா என்னும் கிராபிக்ஸ் நிரலகத்துடனும் மல்லுக்கட்டுவதில் பொருளில்லை. அதற்கென்றே டெபியனில் பேக்போர்ட்ஸ் களஞ்சியம் இருக்கிறது. டெஸ்டிங்கில் உள்ள புதிய பதிப்பை நிலையானதன் நிரலகங்களோடு மறுபடி தொகுத்துத் தருகிறார்கள், நீங்கள் பெயர் சொல்லிக் கேட்டால் ஒழிய அதிலிருந்து புதிதாக எதுவும் நிறுவப்படாது. மேசைக்கணினிச் செயலிகளுக்கு, வழங்கலைச் சாராமல் நிறுவ உதவும் ஃபிளாட்பேக் போதும். ஆனால் பேக்போர்ட்ஸ் பொதிக்கு அதைத் தொகுத்தவரே பொறுப்பு, பாதுகாப்புக் குழு அன்று. ஃபிளாட்பேக்கில் செயலியை வெளியிட்டவர் பொறுப்பு. எது எங்கிருந்து வந்தது என்று ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். நான் எழுதாததால் இழந்த இரண்டு இரவுகளை மேலே படித்தீர்கள்.

‘புதுப்பிக்க எதுவும் இல்லை’ என்ற செய்தியை நம்புவது

உபுண்டு 18.04-இன் வழக்கமான ஆதரவு 2023 மே மாதத்துடன் முடிந்தது. அதன் களஞ்சியம் இன்னமும் பதில் சொல்லும். உபுண்டு புரோ என்னும் நீட்டித்த ஆதரவுச் சந்தாவில் சேராத கணினியில் ஆப்டை இயக்கினால் புதுப்பிக்க எதுவும் இல்லை என்றே வரும். யாரும் திருத்தம் அனுப்பாததால் வராமல் இருப்பதற்கும், எல்லாம் திருத்தப்பட்டதால் வராமல் இருப்பதற்கும் அந்த வரியில் வேறுபாடு தெரியாது. ஆதரவில் இருக்கும் வெளியீட்டிலும் இது பாதி உண்மைதான்: உபுண்டுவின் யூனிவர்ஸ் பகுதியில் உள்ள ஏராளமான பொதிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் உறுதி செய்யப்படுவது புரோ சந்தாவில் மட்டுமே. தனிப்பட்ட பயன்பாட்டுக்கு ஐந்து கணினிகள் வரை அது இலவசம்.

நிறுவியதோடு நின்றுவிடுவது

ஹார்ட்பிளீட் திருத்தத்தை அன்றே நிறுவிய பலர், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வலைச் சேவையை மறுதொடக்கம் செய்யவில்லை. வட்டில் இருந்த கோப்பு புதியது. நினைவகத்தில் ஏற்றப்பட்டிருந்தது பழைய நிரலகம். டெபியனிலும் உபுண்டுவிலும் நீட்ரீஸ்டார்ட் என்னும் பொதி, பழைய நிரலகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் சேவைகளைப் பட்டியலிட்டுத் தரும். கெர்னலுக்கு அதுவும் போதாது. கணினியையே மறுதொடக்கம் செய்ய வேண்டும். என்னிடம் ஸ்கேனர் அறிக்கையோடு வந்தவரின் சர்வரில் அன்று பார்த்தபோது, ஓபன்எஸ்எஸ்எச் திருத்தப்பட்டிருந்தது. ஆனால் கணினி 200 நாட்களுக்கு மேல் மறுதொடக்கம் காணாமல், அதற்குப் பின் வந்து நிறுவப்பட்ட கெர்னல்கள் எதையும் பயன்படுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.